ஊழியத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்: சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் விசுவாசிகளுக்கு

ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் அட்டவணை ஒன்று எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. அன்றைய பகுதியை முடித்தவர்கள் தங்கள் பெயருக்கு நேரே பச்சை டிக் போட வேண்டும். ஒரு நாள் இரவு டியூட்டி முடிந்து ரயிலில் தூங்கிவிட்டேன். காதிப்பில் இறங்க வேண்டியவள் செம்பவாங்கில் கண் விழித்தேன். எதிர்ப்பக்க ரயிலுக்குக் காத்திருக்கும்போது போனை எடுத்து லேவியராகமம் 13-க்கு டிக் போட்டேன். ஒரு வரி வாசிக்கவில்லை. போட்ட கையோடு மேலே தள்ளிப் பார்த்தால், என் பெயருக்கு வரிசையாக 41 டிக். அதில் நிஜமாக வாசித்தது எத்தனை என்று பிளாட்பாரத்தில் நின்றபடியே எண்ணினேன். 9. கீழே ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "சிஸ்டர், உங்க வைராக்கியம் எங்களுக்கு முன்மாதிரி."

அப்போது நான் சிங்கப்பூருக்குத் தாதியாக வந்து மூன்று வருடம். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபம், மாதத்துக்கு ஒரு முழு இரவு ஜெபம், எல்லாவற்றிலும் என் பெயர் இருந்தது. ஆண்டவரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் எனக்கே தெரியாது. அந்தச் சபையின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கேட்டார்கள், நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

அதிலிருந்து வெளியே வர ஒன்றரை வருடம் பிடித்தது. வேலை பெர்மிட்டிலோ, எஸ் பாஸிலோ, படிக்கவோ, கணவரோடு சேர்ந்து வாழவோ இங்கே புதிதாக வரும் உங்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதல் 3 மாதம் எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள்

இங்கே தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமில்லை. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையான டோர்செட் ரோடு கிறைஸ்ட் சர்ச், சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்தவர்களுக்கு ஊர்க் கோயில் மாதிரியே இருக்கும். கத்தோலிக்கர்களுக்கு ஓஃபிர் ரோட்டில் லூர்து அன்னை ஆலயம். இவை மூன்றும் தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவைச் சுற்றித்தான். வெளிவட்டாரங்களிலும் தமிழ்ச் சபைகள் உண்டு. இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்ப் பாருங்கள், தப்பில்லை.

போன முதல் ஞாயிறே, "புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கலாம்" என்பார்கள். பெயர், ஊர், வேலை சொல்வீர்கள். ஆராதனை முடிந்து தேநீர் வாங்கும் இடத்தில் ஒருவர் அன்பாக வந்து, "ஊர்ல பாடுவீங்களா?" என்பார். "குவயர்ல இருந்தேன் அக்கா" என்று சொல்லிவிட்டீர்கள் என்றால் தீர்ந்தது, அடுத்த வாரம் பயிற்சிக்கு நிற்பீர்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. புது நாட்டில் ஆளில்லாமல் கிடப்பவருக்கு ஒரு பொறுப்பு கிடைத்தால் சொந்தபந்தமே கிடைத்த மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வலை அதில்தான் இருக்கிறது. நாம் தேடி வந்தது ஆண்டவரை. கிடைத்தது ஒரு வேலையும் பத்து நண்பர்களும். இரண்டும் ஒன்றுதான் என்று மனது நம்பிவிடும்.

என்ன பதில் சொல்வது? நான் இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான்: "வந்து மூணு மாசம் ஆகட்டும் அக்கா. இப்போதைக்கு உட்கார்ந்து ஆராதிக்கணும்னு இருக்கேன்." இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டியூட்டி என்று சாக்குச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்; என் டியூட்டி ரோஸ்டரை வாங்கி, அதற்கேற்றபடி பயிற்சி நேரத்தையே மாற்றிவிட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்புக் குழு ஒன்றில் மட்டும் சேருங்கள். டிக் போடும் குழு எதிலும் வேண்டாம்.

2. தாள்களை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள்

பெட்டி கட்டும்போதே எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- ஞானஸ்நானச் சான்றிதழ்
- திடப்படுத்தல் சான்றிதழ் (கத்தோலிக்கருக்கு உறுதிபூசுதல்)
- கல்யாணமானவர்களுக்கு ஆலயத் திருமணச் சான்றிதழ்
- உங்கள் ஆயர் (பாஸ்டர்) கையெழுத்திட்ட சபை மாற்றுக் கடிதம்

மாற்றுக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் நம்மைக் கூப்பிடும் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு சேர்த்து இன்னொன்று. என் கடிதத்தில் வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டார்கள். திருத்தி வாங்க அம்மா மூன்று தடவை கோயில் ஆபீசுக்கு நடந்தார். பாக்கியிருந்த சங்கக் காணிக்கையை (சபைச் சந்தா) இரண்டு வருடத்துக்குக் கட்டிய பிறகுதான் புதுக் கடிதம் கைக்கு வந்தது. நீங்கள் ஊரில் இருக்கும்போதே பாக்கியைத் தீர்த்துவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

இங்கேயே கல்யாணம் செய்யும் எண்ணம் உள்ள கத்தோலிக்கர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமணத்துக்குப் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் செல்லாது. கடந்த 6 மாதத்துக்குள் உங்கள் பங்கிலிருந்து புதிதாக எழுதி வாங்கிய பிரதிதான் கேட்பார்கள். அதனால் ஊர்ப் பங்கு அலுவலகத்தின் போன் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். ஆனால் மாற்றுக் கடிதத்தை வந்த வாரமே எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள், பெட்டியிலேயே இருக்கட்டும். உறுப்பினர் ஆகாமலும் ஆராதனைக்குப் போகலாம், ஜெபிக்கலாம், ஆயரைப் பார்த்துப் பேசலாம். திருவிருந்துக்கு மட்டும் அந்தந்தச் சபை முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சிங்கப்பூர் நேரம் ஊரை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஊரில் ராத்திரி 9 மணிக்குக் குடும்ப ஜெபம் என்றால் இங்கே பதினொன்றரை. வீடியோ காலில் அப்பா சங்கீதம் வாசித்து, தம்பி பாட்டெடுத்து, ஊர் உறவெல்லாம் பெயர் சொல்லி ஜெபித்து முடிக்க இங்கே பன்னிரண்டேகால் ஆகிவிடும். அப்புறம் "அதிகாலையில் என்னைத் தேடுகிறவர்கள் என்னைக் கண்டடைவார்கள்" என்று 5 மணிக்கு அலாரம் வைத்து எழுவேன். இங்கே சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 7 மணி. வருடம் முழுக்க அப்படித்தான். நான் அதிகாலை என்று எழுந்த நேரத்தில் ஊரில் மணி இரண்டரை. முழங்காலில் நின்றபடியே தூங்கி, கட்டில் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டது இரண்டு தடவை.

வீட்டில் பேசி, குடும்ப ஜெபத்தை ஊர் நேரம் ஏழரைக்கு மாற்றினோம். இங்கே 10 மணி. அப்பா முதலில் முகம் சுளித்தார், ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வாரத்தில் 3 நாள் நான் வருவேன், மற்ற நாள் நீங்களே ஜெபித்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் 1 இராஜாக்கள் 19-ஐப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். சாக விரும்பி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவுக்கு ஆண்டவர் உடனே பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பவும் தூங்கவிட்டார், திரும்பவும் சாப்பிடச் சொன்னார். ஆண்டவர் பேசிய மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு அப்புறம் 40 நாள் நடந்த பிறகுதான். இரவு டியூட்டி முடித்து வருகிறவர் முதலில் கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள். எழுந்து பல் விளக்கிய பிறகு உங்கள் அதிகாலை.

வார விடுமுறை பற்றி ஒரு விஷயம். இங்கே வேலைச் சட்டப்படி பலருக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் உண்டு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லப் பணிப்பெண்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் விடுப்பு கொடுக்க வேண்டும், அந்த நாளுக்குப் பதிலாகக் காசு கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்ற விதி 2023 ஜனவரி 1 முதல் இருக்கிறது. உங்களுக்குப் புதன்கிழமைதான் ஓய்வு என்றால், புதன்கிழமை உங்கள் கர்த்தருடைய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை தவறிய குற்ற உணர்ச்சியோடு அந்தப் புதனையும் வீணாக்காதீர்கள். பெரிய வெள்ளியும் கிறிஸ்துமஸும் இங்கே பொது விடுமுறை. தாதியர், பாதுகாவலர், உணவகத்தில் இருப்பவர்கள் அந்த நாள்களுக்கு விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

4. கதவு இல்லாத ஊரில் அறைவீடு தேடுவது

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6 சொல்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறையில் மூன்று பேர் படுத்திருக்கும்போது எந்தக் கதவைப் பூட்டுவது? தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு இதைவிடக் கஷ்டம்.

வந்த புதிதில் நான் கட்டிலிலேயே மண்டியிட்டு ஊரில் போல் வாய்விட்டு ஜெபித்தேன். அறைத்தோழி தஞ்சாவூர்ப் பெண், கோவில் குளம் என்று அவள் பக்திக்கும் குறைவில்லாதவள். ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் போர்வையை விலக்கி, "அக்கா, நான் மூணு மணிக்குத்தான் படுத்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் சுருக்கென்றது. அவள் தூக்கத்தைக் கெடுத்து நான் யாருக்கு ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால், நான் ஜெபிப்பது அவளுக்குக் கேட்க வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் இருந்தது.

வீவக அடுக்குமாடிகளில் இரவு நேரத்தில் சத்தம் கூடாது என்பது பொது ஒழுங்கு. பாட்டும் கைத்தட்டலுமாக வீட்டுக் கூட்டம் வைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அப்படியே இன்னொன்று: ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வரும் பிரசங்கியாரை அழைத்துக் கூட்டம் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் இங்கே சமயப் பிரசங்கம் செய்ய மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும். அழைத்தவர் தலையில்தான் விடியும்.

சரி, இடம் எங்கே? நான் முயன்று பார்த்தவை:

புளோக்குக்குக் கீழே உள்ள திறந்தவெளித் தளம். மதியம் 2 முதல் 4 வரை ஆளிருக்காது. காசில்லை. தாத்தா ஒருவர் எதிர் பெஞ்சில் தூங்குவார், அவ்வளவுதான்.

பூமலை. தாவரவியல் பூங்கா காலை 5 முதல் நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். புக்கிட் தீமா வாசல் பக்கம் கூட்டம் குறைவு. கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

பகலில் திறந்திருக்கும் ஆலயங்கள். சிட்டி ஹால் ரயில் நிலையத்தை விட்டு ஏறினால் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். கொஞ்சம் நடந்தால் ஹில் ஸ்திரீட்டில் ஆர்மீனியன் சர்ச். தாம்சன் ரோட்டில் நொவீனா ஆலயம். சனிக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. நான் சி.எஸ்.ஐ.க்காரி, கத்தோலிக்க ஆலயத்துக்குள் தனியாகப் போய் உட்கார முதலில் கூச்சமாக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்வையாளர் நேரத்தை மட்டும் அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கல்யாணம், அடக்க ஆராதனை நடக்கும் நாளில் உள்ளே விடமாட்டார்கள்.

ரயில். சிரிக்காதீர்கள். வேலைக்குப் போகும் 40 நிமிடத்தில் காதில் ஒன்றும் மாட்டாமல் கண்ணை மூடி உட்கார்ந்தால் அதுவும் அறைவீடுதான். உங்களை யாருக்கும் தெரியாத கூட்டம் ஒரு பூட்டிய கதவு மாதிரி.

இடம் கிடைத்ததும் செய்யும் முதல் தப்பு, திறந்த வேதாகமத்தையும் கோப்பிக் கோப்பையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது. போட்ட நிமிடமே அறைக்குள் இருநூறு பேர் வந்துவிடுகிறார்கள்.

5. அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான்.

இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். போனில் டைமர் வைத்து, கவிழ்த்துப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு சங்கீதத்தை எடுத்து ஒரு வாரம் முழுக்க அதையே வாசியுங்கள். நான் 131-ல் ஆரம்பித்தேன். மூன்றே வசனம். அட்டவணைக்குப் பழகிய மனசு இரண்டாம் நாளே "இதுதான் நேற்றே வாசித்தாயிற்றே" என்று நச்சரிக்கும். நச்சரிக்கட்டும். பால் மறந்த குழந்தை தாயின் அருகே இருப்பதுபோல் என்று அதில் ஒரு வரி வரும். பால் குடிக்கும் குழந்தைக்குத் தாயிடம் ஒரு காரியம் இருக்கிறது. பால் மறந்ததுக்கு ஒரு காரியமும் இல்லை, சும்மா மடியில் கிடக்கிறது. எனக்கு இது புரிய ஐந்து நாள் ஆயிற்று. குழந்தைகள் வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான், அப்படிக் கிடக்கும் குழந்தைகளைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

வாசித்த பிறகு பேசுங்கள். எந்தத் தமிழில் என்பது முக்கியம். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே" என்று தொடங்கி, "ஏறெடுக்கிறோம்" வழியாகப் போய், "நல்ல பிதாவே, ஆமென்" என்று முடியும். தப்பான வார்த்தைகள் இல்லை. எங்கள் ஆத்தா அந்த வார்த்தைகளில்தான் அழுது ஜெபிப்பார்கள், அவர்களுக்கு அது சொந்தப் பேச்சு. எனக்கு அது மேடைப் பேச்சாகிவிட்டிருந்தது. கூட்டத்தில் ஜெபிக்கக் கேட்டால் பத்து நிமிடம் தடையில்லாமல் வரும். தனியாக உட்கார்ந்தால் முதல் வரிக்கு அப்புறம் ஒன்றுமே வரவில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, புளோக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். செருப்பைக் கழற்றிவிட்டு சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. வாயிலிருந்து தானாக வந்தது: "ஆண்டவரே, கால் வலிக்கி." எங்கள் ஊர்ப் பேச்சு, அப்படியே. மூன்று வருடத்தில் நான் ஜெபித்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பதிலும் ஒன்றும் வரவில்லை. டைமர் அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

முதல் மாதத்தில் வரும் சில தொந்தரவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் வரும். வந்தால் தூங்குங்கள். அடுத்த நாள் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

சலிப்பு வரும். இரண்டாம் வாரம் நிச்சயம் வரும். யாரும் பார்க்காத, யாரும் பாராட்டாத ஒரு காரியத்தைச் செய்ய நமக்குப் பழக்கமில்லை, அதனால் வருவது. அந்தச் சலிப்பையே ஆண்டவரிடம் சொல்லலாம்.

அழுகை வரும். சிலருக்குக் கோபம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், மேலதிகாரி சொன்ன சொல், ஊரில் பார்க்க முடியாமல் போன அடக்கம், எல்லாம் மேலே வரும். தூக்கமே போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது ஜெபக் குறைவு என்று உங்களையே குற்றம் சொல்லாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். தாதியாகச் சொல்கிறேன்.

ஒன்றுமே நடக்காத நாள்களும் வரும். அவைதான் நிறைய.

6. காணிக்கை விஷயம்

பல சபைகளில் இப்போது, போனிலிருந்தே பணம் அனுப்பும் பேநவ் கியூஆர் பலகை வாசலிலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து கிரோ வழியாக மாதாமாதம் தானாகப் போகும்படியும் செய்யலாம். புதிதாக வந்தவர்களுக்கு என் யோசனை, பெயர் எழுதிய உறையை விட இது நல்லது. ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் காரணம் எழுதிப் போட்டால் சில இடங்களில் மேடையில் வாசிப்பார்கள். என் பெயரை வாசிக்கும் ஞாயிறுகளில் நான் 50 வெள்ளி வைத்திருக்கிறேன், வாசிக்காத ஞாயிறுகளில் 10. இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இங்கே ஆலயக் காணிக்கைக்கு வருமான வரிக் கழிவு பொதுவாகக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் உண்டு. கழிவு கிடைக்கும் என்று யாராவது சொல்லி வாங்கினால் ரசீதைக் கேளுங்கள்.

கடன் அடைக்கும் காலத்தில் "விதைக் காணிக்கை போட்டால் நூறத்தனையாக வரும், பெர்மிட் புதுப்பிக்கப்படும்" என்று போனில் அழைப்பவர்கள் உண்டு. வெளிநாட்டு நம்பரிலிருந்துகூட வரும். துண்டித்துவிடுங்கள். ஆண்டவரிடம் நெருங்கக் கட்டணம் இல்லை.

7. மூன்று மாதம் ஆன பிறகு

இப்போது ஒரு பொறுப்பு எடுக்கலாம். ஒன்றே ஒன்று, முடிந்தால் மேடையில் இல்லாதது. நாற்காலி அடுக்குவது, தேநீர்க் கோப்பை கழுவுவது, மருத்துவமனையில் இருக்கும் சபையாரைப் போய்ப் பார்ப்பது. எடுக்கும்போதே முடிவுத் தேதியும் சொல்லிவிடுங்கள்: "டிசம்பர் வரைக்கும் செய்றேன், அப்புறம் பார்ப்போம்." தேதி சொல்லாமல் எடுத்த ஊழியத்திலிருந்து வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பாடகர் குழுவை விட்டபோது, நான் பின்மாற்றத்தில் (விசுவாசத்தை விட்டு விலகி) போய்விட்டேன் என்று எனக்காக உபவாச ஜெபமே வைத்தார்கள்.

சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருக்க, தான் மட்டும் வேலையில் ஓடியாடிய மார்த்தாளைப் பற்றி நம்மில் பலர் தப்பாகப் பேசுகிறோம். லூக்கா 10-ல் ஆண்டவர் அவள் சமைத்ததைக் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். கோப்பை கழுவும்போது "இவளுக்கு மட்டும் உட்கார்ந்திருக்க நேரமிருக்கு" என்று அடுத்தவரைப் பார்த்து மனது பொருமினால், அந்த வாரம் விடுப்பு எடுங்கள். எனக்கு இன்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது பொருமும்.

பேச ஓர் ஆள் வேண்டும். ஆயராக இருக்க வேண்டும் என்பதில்லை. என்னுடையவர் எங்கள் சபையில் கடைசி வரிசையில் உட்காரும் எழுபது வயதுப் பாட்டி. ஒரு பொறுப்பிலும் இல்லாதவர். மாதம் ஒரு முறை கோப்பிக்கடையில் சந்திப்போம். "ஜெபிச்சியாம்மா?" என்று கேட்கமாட்டார். "அவர் எப்படி இருக்கார் உன்கிட்ட?" என்பார்.

8. மூன்று மாதத்துக்கு ஒரு முழு நாள்

இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம் நிலைத்தது. ஓய்வுநாள் ஒன்றை எடுத்து, காலை 8 முதல் மாலை 4 வரை ஆண்டவரோடு தனியாக இருப்பது. இடத்துக்கு என் தேர்வு உபின் தீவு. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் முன்பதிவு கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஒரு வழிக்கு 4 வெள்ளி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் ஆள் சேர அரை மணி நேரம்கூட ஆகும். அந்தக் காத்திருப்பும் கணக்கில் சேர்ந்ததுதான். பேருந்து, ரயில், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 20 வெள்ளிக்குள் முடிகிறது.

கொண்டு போக வேண்டியவை: தண்ணீர், வீட்டில் கட்டிய சோறு, வேலை பாஸ், சிறிய வேதாகமம், ஒரு நோட்டு. போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு. பிரசங்கம் பதிவிறக்கம் செய்து கொண்டு போகாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் நடங்கள், ஒன்றும் ஜெபிக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு தூக்கம். மதியத்துக்கு மேல்தான் பேச்சு வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடாதீர்கள். அங்கே குரங்கும் காட்டுப்பன்றியும் உண்டு. முதல் தடவை நான் கண்ணைத் திறந்தபோது புளிச்சோற்றுப் பொட்டலம் மரத்தின் மேல் இருந்தது. டிசம்பர், ஜனவரியில் போனால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெரிதாகப் பிடித்துவிட்டால் படகும் நிற்கும். மாலை டியூட்டி உள்ள நாளில் போகாதீர்கள்.